எம்.பி.பி.எஸ். முடித்தபின் கிளினிக்கா, மேற்படிப்பா?

பாளையங்கோட்டையில் பயிற்சி மருத்துவராக இருக்கும் நீங்கள், அம்பாசமுத்திரத்தில் கிளினிக் வைக்க மேற்படிப்பு கட்டாயமா என்று கேட்கிறீர்கள். இல்லை. மருத்துவக் கவுன்சில் பதிவும் கிளினிக்குக்கான தனிப் பதிவும் போதும். ஆனால் அதற்குள் பலகை மாட்டிவிடாதீர்கள்.

நீட் முதுநிலைத் தேர்வு எழுதி, குடும்ப மருத்துவத்தில் டி.என்.பி. என்ற 3 ஆண்டு முதுநிலைப் படிப்பில் சேரலாம். வேலையை விட முடியாதவர்களுக்கு வேலூர் சி.எம்.சி.யின் 2 ஆண்டுத் தொலைநிலை டிப்ளமோ உண்டு. அது முதுநிலைப் பட்டத்துக்கு ஈடல்ல.

என்னைக் கேட்டால், மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் வழியாக முதலில் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போங்கள். பீடி சுற்றும் பெண்ணின் தீராத கழுத்துவலி, வயலில் பாம்பு கடித்தவர், மாத்திரையைப் பாதியில் நிறுத்திய சர்க்கரை நோயாளி, எல்லோரும் ஒரே காலையில் வருவார்கள். சம்பளமும் கிடைக்கும், முதுநிலைச் சேர்க்கையில் அரசுப் பணியில் இருப்பவர்களுக்குத் தனி ஒதுக்கீடும் இருக்கிறது.