வீட்டில் ஐந்து செல்லங்கள்: தீனிச் செலவும் மருத்துவச் செலவும்

ஒன்றுக்கு மேற்பட்ட நாய், பூனை வளர்க்கும் வாசகர்களின் கேள்விகளை இந்த இதழில் ஒன்றாகச் சேர்த்திருக்கிறோம். பதில்கள் எல்லாம் ஒரே கணக்கை ஒட்டித்தான் போகும். தீனியை ஒவ்வொரு பிராணிக்கும் தனித்தனியாகக் கணக்கிட வேண்டும். பூச்சியையும் புழுவையும் வீடு முழுவதற்கும் சேர்த்துக் கணக்கிட வேண்டும். செலவு கைமீறிப் போகும் வீடுகளில் பெரும்பாலும் இது தலைகீழாக நடக்கிறது.

கேள்வி: எங்களிடம் 20, 10, 5 கிலோ எடையில் மூன்று நாய்கள், தலா 4 கிலோவில் இரண்டு பூனைகள். எல்லாம் வளர்ந்தவை, கருத்தடை செய்தவை. தீனி மூட்டை மாதம் முடிவதற்குள் தீர்ந்துவிடுகிறது. எவ்வளவு வாங்குவது என்று எப்படிக் கணக்கிடுவது?

பதில்: மூட்டையிலிருந்து தொடங்காமல் கலோரியிலிருந்து தொடங்குங்கள். சாதாரணக் கால்குலேட்டர் போதும். பிராணியின் எடையை (கிலோவில்) அதே எண்ணால் இருமுறை பெருக்குங்கள். வரும் விடைக்கு வர்க்கமூலம் எடுங்கள். அதற்கு மறுபடியும் ஒரு வர்க்கமூலம். அதை 70 ஆல் பெருக்கினால், சும்மா படுத்திருக்கும்போது அந்த உடம்புக்கு ஒரு நாளைக்கு வேண்டிய கிலோ கலோரி வரும். கருத்தடை செய்த வளர்ந்த நாய்க்கு அதை 1.6 ஆலும், பூனைக்கு 1.2 ஆலும் பெருக்கிக்கொள்ளுங்கள்.

10 கிலோ நாய்க்குப் போட்டுப் பார்ப்போம். 10 × 10 × 10 = 1000. வர்க்கமூலம் 31.62, மறுபடி வர்க்கமூலம் 5.62. 70 ஆல் பெருக்கினால் 394, 1.6 ஆல் பெருக்கினால் 630. இதே வழியில் 20 கிலோ நாய்க்குச் சுமார் 1,060, 5 கிலோ நாய்க்கு 375, ஒவ்வொரு பூனைக்கும் 240 கிலோ கலோரி வரும்.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். 20 கிலோ நாய் 10 கிலோ நாயைப் போல இருமடங்கு சாப்பிட வேண்டியதில்லை; 1.7 மடங்குக்கும் சற்றுக் குறைவுதான். எடை விகிதத்தில் பங்கு போட்டால் பெரிய நாய்க்கு அன்றாடம் 120 கிலோ கலோரி அதிகமாகப் போகும், 5 கிலோ நாய்க்கு 80 குறையும். ஒன்று பருத்துக்கொண்டும் இன்னொன்று பசியோடும் இருக்கும் வீடுகளில் காரணம் பல சமயம் இதுதான்.

நீங்கள் வாங்கும் நாய்த் தீனியில் கிலோவுக்கு 3,600 கிலோ கலோரி இருந்தால், அன்றாட அளவு முறையே 295, 175, 105 கிராம். 30 நாளைக்கு ஏறத்தாழ 17.2 கிலோ. பூனைத் தீனியில் கிலோவுக்கு 4,000 இருந்தால் பூனைக்கு 60 கிராம், இரண்டுக்கும் மாதம் 3.6 கிலோ. உங்கள் மூட்டை இதைவிட வேகமாகக் கரைந்தால், மிச்சம் எங்கே போகிறது என்று தேட வேண்டும். முதலில் சந்தேகப்பட வேண்டியது அளவுக் கோப்பையை. கோப்பையில் அள்ளினால் ஒவ்வொரு கைக்கும் ஒவ்வொரு அளவு வரும்; சின்ன நாய்க்கும் பூனைக்கும் ஒரு கைப்பிடி கூடினாலே பெரிய வித்தியாசம். சமையலறைத் தராசில் கிராம் கணக்கில் நிறுத்துப் போடுங்கள். காலையிலேயே ஐந்து டப்பாவில் அன்றைய பங்கை நிறுத்து வைத்துவிட்டால், வீட்டில் யார் தீனி போட்டாலும் அளவு மாறாது. தின்பண்டமும் இந்தக் கணக்குக்குள்தான்: மொத்தக் கலோரியில் 10 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது. 5 கிலோ நாய்க்கு அது வெறும் 37 கிலோ கலோரி.

சூத்திரம் தருவது தொடக்க அளவு மட்டுமே. மூன்று வாரம் கழித்து எடை பார்த்து, 10 சதவீதம் கூட்டியோ குறைத்தோ சரிசெய்யுங்கள். விலா எலும்புகள் விரலுக்கு எளிதில் தட்டுப்பட வேண்டும், மேலிருந்து பார்த்தால் இடுப்பு தெரிய வேண்டும். அளவாகப் போடுகிறோமே, செல்லத்தைப் பட்டினி போடுகிறோமோ என்று மனம் கஷ்டப்பட வேண்டாம். 48 லாப்ரடார் நாய்களை ஆயுள் முழுக்கக் கவனித்து 2002இல் வெளியான அமெரிக்க ஆய்வில், உடன்பிறந்த ஜோடியைவிட 25 சதவீதம் குறைவாகச் சாப்பிட்டவற்றின் இடைநிலை ஆயுள் 13 ஆண்டு, மற்றவற்றுக்கு 11.2. மூட்டுத் தேய்மானமும் அவற்றுக்குத் தாமதமாகவே வந்தது.

கேள்வி: விலை குறைந்த மூட்டைக்கு மாறினால் மிச்சமாகுமா? வீட்டிலேயே சமைத்துப் போட்டால்?

பதில்: கிலோ விலையைப் பார்க்காதீர்கள், 1,000 கிலோ கலோரிக்கு என்ன விலை என்று பாருங்கள். ஒரு தீனியில் கிலோவுக்கு 3,200, இன்னொன்றில் 4,000 இருந்தால், இரண்டாவது 20 சதவீதம் விலை கூடுதலாக இருந்தாலும் அதுதான் மலிவு. குறைவாகப் போட்டால் போதும், அள்ள வேண்டிய கழிவும் பொதுவாகக் குறையும்.

மூட்டையில் கலோரி அச்சிடவில்லையா? 100இலிருந்து புரதம், கொழுப்பு, நார், ஈரப்பதம், சாம்பல் ஆகியவற்றின் சதவீதங்களைக் கழித்தால் மாவுச்சத்து கிடைக்கும். சாம்பல் அளவு இல்லையென்றால் உலர் தீனிக்கு 8 என்று வையுங்கள். புரதத்தையும் மாவுச்சத்தையும் 3.5 ஆலும், கொழுப்பை 8.5 ஆலும் பெருக்கிக் கூட்டுங்கள். புரதம் 24, கொழுப்பு 12, நார் 4, ஈரம் 10, சாம்பல் 8 என்றால் மாவுச்சத்து 42. 100 கிராமுக்கு 333 கிலோ கலோரி.

மாற்றுவதாக முடிவெடுத்தால் ஒரு வாரமாவது எடுத்துக்கொள்ளுங்கள்: முதல் இரண்டு நாள் கால் பங்கு புதியது, அடுத்த இரண்டு நாள் பாதி, அடுத்த இரண்டு நாள் முக்கால், பிறகு முழுவதும். ஐந்துக்கும் ஒரே நாளில் வயிற்றுப்போக்கு பிடித்தால், மிச்சம் பிடித்தது மருத்துவரிடம் போய்விடும். பெரிய மூட்டை மலிவுதான். ஆனால் திறந்த தீனியின் கொழுப்பு காற்றுப் பட்டுச் சிக்குப் பிடிக்கும். ஆறு வாரத்துக்குள் தீரும் அளவு மட்டும் வாங்கி, அதே பையில் வாயை இறுக்கி, பையோடு மூடியுள்ள பெட்டிக்குள் வையுங்கள்.

வீட்டுச் சமையலைப் பணம் மிச்சப்படுத்தும் வழியாக நாங்கள் பரிந்துரைக்க மாட்டோம். நாய்களுக்கான 200 வீட்டுச் சமையல் குறிப்புகளைச் சோதித்து 2013இல் வந்த ஆய்வில், 95 சதவீதத்தில் ஏதாவது ஒரு அத்தியாவசியச் சத்தாவது போதவில்லை. எலும்பில்லா இறைச்சியில் பாஸ்பரஸ் மிகுதி, சுண்ணாம்புச் சத்து மிகச் சொற்பம். குட்டிகளுக்கு அதை மட்டுமே போட்டு வளர்த்தால் எலும்பு வளைந்து முறியும். கால்நடை உணவியல் அறிந்தவர் உங்கள் பிராணிக்கென்று எழுதித் தந்த குறிப்பும், அதில் சொன்ன தாதுக்கலவையும் இருந்தால் மட்டும் சமையுங்கள். அதன் பிறகு கணக்குப் பார்த்தால் பல வீடுகளில் மிச்சம் எதுவும் இருக்காது.

கேள்வி: பூனைகள் நாய்த் தட்டிலும், நாய் பூனைத் தட்டிலும் வாய் வைக்கின்றன. எல்லாவற்றுக்கும் ஒரே தீனி வாங்கினால் என்ன?

பதில்: வேண்டாம். நாயின் உடம்பு பொதுவாக டாரின் என்ற சத்தைத் தானே தயாரித்துக்கொள்ளும். பூனையால் போதிய அளவு முடியாது. மாதக்கணக்கில் நாய்த் தீனியிலேயே வளரும் பூனைக்கு விழித்திரை கெடும், இதயத் தசை மெலிந்து இதயம் வீங்கும். பார்வை போனால் திரும்புவதில்லை. மறுபக்கம், பூனைத் தீனியில் கொழுப்பும் கலோரியும் அதிகம்; நாய்க்கு எடை கூடும், சில நாய்களுக்குக் கணைய அழற்சியும் வரும்.

நாள் முழுக்கத் தட்டை நிரப்பி வைப்பதை நிறுத்துவதுதான் தீர்வு. வளர்ந்த நாய்க்கு இரண்டு வேளை, பூனைக்கு மூன்று நான்கு சின்ன வேளை. பூனைக்கு நாய் எட்டாத உயரத்தில் போடுங்கள். 20 நிமிடம் கழித்து எல்லாத் தட்டையும் எடுத்துவிடுங்கள். இதில் இன்னொரு பெரிய பலன் உண்டு: யார் சாப்பிடவில்லை என்பது அன்றே தெரியும். பொதுத் தட்டு வைக்கும் வீட்டில் ஒரு பூனை சாப்பிடாமல் இருப்பது நாட்கணக்கில் தெரியாமலே போகலாம். பருத்த பூனை இரண்டு மூன்று நாள் பட்டினி கிடந்தாலே கல்லீரலில் கொழுப்பு படிந்து உயிருக்கு ஆபத்தாகும்.

கேள்வி: ஒரு நாய்க்கு மட்டும் தெள்ளுப்பூச்சி. அதற்கு மட்டும் மருந்து போட்டோம். மூன்று மாதமாகப் போகவே இல்லை. பெரிய நாயின் சொட்டு மருந்தைப் பிரித்துப் பூனைக்கும் விடலாமா?

பதில்: கடைசிக் கேள்விக்கு முதலில் பதில். கூடவே கூடாது. நாய்களுக்கான சில சொட்டு மருந்துகளில் பெர்மெத்ரின் என்ற பூச்சிக்கொல்லி இருக்கிறது. பூனையின் கல்லீரலால் அதைச் சிதைத்து வெளியேற்ற முடியாது. நடுக்கம், வலிப்பு, மரணம் வரை போகும். அந்த மருந்து விட்ட நாயோடு பூனை ஒட்டிப் படுத்தாலும் ஆபத்து. பூனை உள்ள வீட்டில் பெர்மெத்ரின் இல்லாத மருந்தையே கேட்டு வாங்குங்கள். முயல் வளர்ப்பவர்கள் ஃபிப்ரோனில் என்ற பூச்சி மருந்தை அதன்மேல் விடக் கூடாது. ஒரு பெரிய குப்பியை இரண்டு நாய்களுக்குப் பிரிப்பதும் நல்லதல்ல. ஒன்றுக்கு அதிகமாகவும் இன்னொன்றுக்குப் போதாமலும் போகும்.

இனி, ஏன் போகவில்லை என்பது. உடம்பில் தெரியும் பூச்சி மொத்தத்தில் சுமார் 5 சதவீதம். மீதி 95 முட்டையாகவும் புழுவாகவும் கூட்டுப்புழுவாகவும் படுக்கையிலும் தரை இடுக்கிலும் கிடக்கிறது. கூட்டுப்புழுவை மருந்து எளிதில் தொடாது, மாதக்கணக்கில் காத்திருக்கும். நீங்கள் ஒரு நாய்க்கு மருந்து போட்டபோது மற்ற நான்கும் பூச்சிக்கு விருந்தாக இருந்தன. அந்த மூன்று மாதச் செலவும் வீண்.

எல்லாவற்றையும் எடை பார்த்து, இனத்துக்கும் எடைக்கும் உரிய மருந்தை ஒரே நாளில் போடுங்கள். அன்றே படுக்கைத் துணிகளை 60 டிகிரி வெந்நீரில் துவையுங்கள். வாக்குவம் கிளீனரால் மூலைகளையும் இருக்கை இடுக்குகளையும் இழுத்து, பையை உடனே வெளியே கொட்டுங்கள். மருந்துறையில் சொன்ன இடைவெளியில் குறைந்தது மூன்று மாதம் விடாமல் தொடருங்கள். இரண்டாம் வாரத்தில் புதுப் பூச்சி தெரிந்தால் மருந்து தோற்றுவிட்டதாக நினைத்து நிறுத்த வேண்டாம். அவை கூட்டுப்புழுவிலிருந்து வந்தவை.

குடற்புழு நீக்கத்தையும் இதோடு சேருங்கள். ஆசனவாய் ஓரம் அரிசி போல ஒட்டியிருக்கும் நாடாப்புழு, தெள்ளுப்பூச்சியை விழுங்குவதால் வருகிறது. பூச்சி இருக்கும்வரை மாத்திரை கொடுத்தாலும் மூன்று வாரத்தில் திரும்பும்.

கேள்வி: கையில் பணம் குறைவு. மருத்துவச் செலவில் எதைத் தள்ளலாம், எதைத் தள்ளக் கூடாது?

பதில்: முதல் சுற்றுத் தடுப்பூசிகளும் கருத்தடையும் தள்ளக் கூடாதவை. கருத்தடை செய்யாத பெண் நாய்க்குக் கருப்பையில் சீழ் கட்டினால், அந்த அவசர அறுவை சிகிச்சை திட்டமிட்ட கருத்தடையைவிடப் பல மடங்கு செலவு, உயிர் ஆபத்தும் கூடுதல்.

குறைக்க இடம் இருப்பது மறு ஊசிகளில். நாய்க்குப் பார்வோ, டிஸ்டெம்பர், அடினோ வைரஸ் ஊசிகளின் குட்டிப் பருவச் சுற்று, கடைசி ஊசி 16 வார வயதிலோ அதற்குப் பிறகோ வரும்படி சரியாகப் போடப்பட்டு, அடுத்த ஊசியும் ஒரு வயதுக்குள் போட்டிருந்தால், அதன்பின் மூன்று ஆண்டுக்கு ஒருமுறைக்கு மேல் தேவையில்லை என்பதே உலகச் சிறு விலங்கு மருத்துவர் சங்கத்தின் வழிகாட்டுதல். வெறிநாய்க்கடி ஊசிக்கு உங்கள் நாட்டுச் சட்டம் சொல்வதே முடிவு. எலிக் காய்ச்சலுக்கான (லெப்டோ) ஊசி ஆண்டுதோறும் வேண்டும். எது எந்த ஆண்டு என்று மருத்துவரிடம் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். பூச்சி மருந்துக்கு எல்லாருக்கும் ஒரே நாள் என்றோம். ஊசிக்கும் இரத்தப் பரிசோதனைக்கும் நேர்மாறாக, ஆளுக்கொரு மாதமாகப் பிரித்தால் பணம் ஒரேயடியாகப் போகாது.

மனிதர்களின் மாத்திரையால் மிச்சம் பிடிக்க முயலாதீர்கள். ஒரே ஒரு பாராசிட்டமால் பூனையைக் கொல்லும். இப்யூபுரூஃபன் நாய், பூனை இரண்டின் வயிற்றையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும்.

காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளக் கூடாதவையும் உண்டு. ஆண் பூனை முக்கியும் சிறுநீர் வராமை, பெரிய நாய்க்கு வயிறு உப்பி, குமட்டியும் எதுவும் வெளியே வராமை, மூச்சுத் திணறல், விஷம். இவற்றில் சில மணி நேரத் தாமதம் உயிரையே எடுக்கும்.

கேள்வி: ஐந்துக்கும் காப்பீடு எடுப்பதா, சேமிப்பதா?

பதில்: இரண்டையும் கலக்கலாம். ஏற்கெனவே உள்ள நோயைப் பெரும்பாலான காப்பீடுகள் ஏற்பதில்லை. ஆகவே குட்டிகளுக்கும், பரம்பரை நோய் உள்ள இனங்களுக்கும் காப்பீடு. நோயோடு இருக்கும் வயதானவற்றுக்குச் சேமிப்பு. கையெழுத்துப் போடுமுன், நம் கையிலிருந்து முதலில் கட்ட வேண்டிய தொகை ஒவ்வொரு பிராணிக்குமா ஒவ்வொரு நோய்க்குமா, நீண்டகால நோய்க்கு ஆண்டுதோறும் பணம் வருமா, காத்திருப்புக் காலம் எவ்வளவு என்று கேளுங்கள்.

சேமிப்புக்கு இலக்கு வைக்க, இரவிலும் திறந்திருக்கும் மருத்துவமனையில் ஓர் அவசர வயிற்று அறுவை சிகிச்சைக்கு என்ன ஆகும் என்று இப்போதே விசாரித்து, அந்தத் தொகையை 12 ஆல் வகுத்து மாதாமாதம் ஒதுக்குங்கள். நெருக்கடி வந்தால் எதற்கு எவ்வளவு என்று செலவு மதிப்பீட்டைத் தனித்தனியாக எழுதித் தரக் கேளுங்கள், ஒவ்வொரு பரிசோதனைக்கும், "இதன் முடிவு வந்தால் சிகிச்சை மாறுமா, டாக்டர்?" என்று கேட்கத் தயங்க வேண்டாம். நல்ல மருத்துவர் அதைத் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார்.

கேள்வி: மூத்த பூனைக்குச் சிறுநீரக நோய். அதற்கான தனித் தீனி விலை அதிகம். மற்றதும் அதையே தின்றுவிடுகிறது.

பதில்: மூத்ததைக் கதவு சாத்திய அறையில், அரை மணி நேரம், அன்றாடம் மூன்று வேளை ஊட்டுங்கள். இளையது வளர்ந்த பூனையாக இருந்தால் எப்போதாவது ஒரு வாய் தின்பதால் கெடுதலில்லை. வளரும் குட்டிக்கு அந்தத் தீனி ஆகாது. மூத்தது சாதாரணத் தீனியைத் தின்றால்தான் நீங்கள் செலவழித்த பணத்தின் பலன் போகும். புதுத் தீனிக்கு மாற்றச் சில வாரங்கள்கூட எடுத்துக்கொள்ளுங்கள். பசித்தால் தின்னும் என்று பட்டினி போட வேண்டாம். உடல் நலமில்லாத நாளில் முதன்முதலாகக் கொடுத்தால், குமட்டலோடு அந்தச் சுவையைச் சேர்த்துவைத்து, பிறகு தொடவே தொடாது. வாரம் ஒருமுறை, 10 கிராம் வித்தியாசத்தையும் காட்டும் தராசில் எடை பாருங்கள். 4 கிலோ பூனையில் 200 கிராம் குறைந்தாலே மருத்துவரை அழைக்க வேண்டும். ஆட்கள் ஏறி நிற்கும் தராசு அந்த வித்தியாசத்தைச் சரியாகக் காட்டாது.