கொழுந்து வெட்டும் கத்தரிக்கு ஆக்கவுரிமை கிடைக்குமா?

கேள்வி: என் வீட்டுக்காரர் தோட்டத் தொழிற்சாலையில் ஃபிட்டர். தேயிலைக் கொழுந்து வெட்டும் கத்தரியில் ஒரு தட்டைப் பொருத்தியிருக்கிறார், கையை எடுக்காமலே அது கவிழ்ந்து கொழுந்து பைக்குள் விழும். வரைபடத்தை உறையில் போட்டு நமக்கே பதிவுத் தபாலில் அனுப்பி, பிரிக்காமல் வைத்தால் உரிமை நமக்குத்தான் என்கிறான் தம்பி. வீடியோ எடுத்து பேஸ்புக்கில் போடலாமா?
- வாசகி, பொகவந்தலாவை

பதில்: தம்பி சொன்ன தபால் கதையை நானும் பல வருஷமாகக் கேட்கிறேன், தங்கச்சி. அந்த உறையால் ஆக்கவுரிமை, அதாவது பேட்டன்ட், வராது. கொழும்பில் இருக்கும் தேசிய புலமைச் சொத்து அலுவலகத்தில் விண்ணப்பம் போட்ட திகதிதான் கணக்கு.

வீடியோ இப்போது வேண்டாம். உலகில் எங்கேயும் வெளியாகாத புதுசாக இருக்க வேண்டும் என்பதுதான் முதல் நிபந்தனை. நாமே வெளியிட்டிருந்தால் ஒரு வருஷத்துக்குள் விண்ணப்பிக்க நம் நாட்டின் 2003ஆம் ஆண்டு 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் இடம் கொடுக்கிறது, ஆனால் ஐரோப்பாவில் அப்படிப் பொதுவான சலுகை கிடையாது. இங்கே முதலில் விண்ணப்பம் போட்டுவிட்டால், அந்தத் திகதியையே காட்டி 12 மாதத்துக்குள் இந்தியாவிலும் கேட்கலாம். கேட்காவிட்டால் நீலகிரியில் ஒருவர் அதையே செய்து விற்றாலும் நம் பத்திரம் அங்கே செல்லாது.

விண்ணப்பத்தில் உயிர்நாடி, எதற்கு உரிமை கேட்கிறோம் என்று எழுதும் கோரிக்கைப் பகுதி. தட்டு வைத்த கத்தரி ஏற்கெனவே இருக்கிறது, அதற்கு யாரும் தரமாட்டார்கள். அது கவிழும் விதம்தான் இவருடையது, அதுவும் அந்த வேலை தெரிந்த எவருக்கும் சட்டென்று தோன்றக்கூடியதாக இருக்கக் கூடாது. அதை எழுதும்போது 'தகரத் தட்டு' என்று போட்டுவிட்டால், பிளாஸ்டிக்கில் செய்தவன் 'நான் தகரத்தைத் தொடவே இல்லையே' என்று நழுவப் பார்ப்பான். ரொம்ப அகலமாக எழுதினால் பழைய கருவி எதிலாவது முட்டிக்கொள்ளும். காசு செலவழிப்பதென்றால் இந்த இடத்தில் விபரம் தெரிந்தவரைப் பிடித்துச் செலவழியுங்கள்.

கிடைத்தால், விண்ணப்பித்த நாளிலிருந்து 20 வருஷம், புதுப்பிப்புக் கட்டணத்தைக் கட்டி வந்தால் மட்டும். மற்றவர் செய்வதைத் தடுக்கும் உரிமைதான் அது. வாங்க ஆள் நாம்தான் தேட வேண்டும்.

அப்புறம், அவருடைய வேலைக் கடிதத்தை எடுத்துப் பாருங்கள். வேலையின் பகுதியாகச் செய்த கண்டுபிடிப்பு, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், முதலாளிக்குப் போகும். ஓய்வு நேரத்தில் லயத்து வீட்டு வாசலில் பழைய இரும்பை வைத்துச் செய்தது என்றால் கதை வேறு.

தட்டு எப்படிக் கவிழ்கிறது என்று விலாவாரியாக எழுதியிருந்தீர்களே, அந்தப் பத்தியை அச்சில் போடாமல் விட்டுவிட்டேன். விண்ணப்பம் போட்ட பிறகு எழுதுங்கள், படத்தோடு போடுவோம்.