3.2 வோல்ட் கணக்கு சரிதான், எல்.இ.டி. ஏன் மங்குகிறது?

கேள்வி: போச்சம்பள்ளி அருகே எங்கள் மாந்தோப்பில் மோட்டார் அறை இருக்கிறது. இருட்டான அறை என்பதால் பகலிலும் விளக்கு தேவை. 12 வோல்ட் சோலார் பேட்டரியில் மூன்று வெள்ளை எல்.இ.டி.களைத் தொடராக இணைத்து, 120 ஓம் ரெசிஸ்டர் போட்டேன். ஒவ்வொன்றுக்கும் 3.2 வோல்ட் என்றுதான் கணக்கிட்டேன். சில வாரங்களிலேயே வெளிச்சம் மங்கிவிடுகிறது. எங்கே தவறு?

பதில்: உங்கள் கூட்டல் கழித்தலில் தவறில்லை. மூன்றுக்கும் சேர்த்து 9.6 வோல்ட், மிச்சம் 2.4. அதை 120 ஓமால் வகுத்தால் 20 மில்லி ஆம்பியர். ஆனால் நண்பகலில் மல்டிமீட்டரை பேட்டரி முனைகளில் வைத்துப் பாருங்கள். வெயிலில் சார்ஜ் ஏறும்போது ஈய அமில பேட்டரி 14.4 வோல்ட் வரை காட்டும். அந்தக் கூடுதல் 2.4 வோல்ட்டை எல்.இ.டி.கள் பெரும்பாலும் ஏற்பதில்லை. ஏறக்குறைய முழுவதும் ரெசிஸ்டர் மேல்தான் விழும். மின்னோட்டம் 35, 40 மில்லி ஆம்பியருக்குத் தாவிவிடும். சாதாரண 5 மி.மீ. எல்.இ.டி. தொடர்ந்து தாங்குவது 20 முதல் 30 வரைதான்.

நீங்கள் கணக்கில் எடுத்த அந்த 3.2 வோல்ட்டுக்கு முன்னோக்கு மின்னழுத்தம் என்று பெயர். அது நாம் எல்.இ.டி.க்குக் கொடுக்க வேண்டிய அளவு அல்ல. குறிப்பிட்ட மின்னோட்டம் பாயும்போது அதன் இரு கால்களுக்கு இடையே தானாக நிற்கும் அளவு. சிவப்புக்கு ஏறத்தாழ 2 வோல்ட். நீலத்துக்கும் வெள்ளைக்கும் 3 முதல் 3.4 வரை. வெள்ளை எல்.இ.டி.யின் உள்ளே இருப்பதும் பாஸ்பர் என்ற ஒளிரும் பொடி பூசிய நீலச் சில்லுதான். நீல ஒளிக்கு ஆற்றல் அதிகம், அதனால் வோல்ட்டும் அதிகம். ஒரே பொட்டலத்தில் வாங்கியவைகூட ஒன்றுபோல் இருக்காது. 9 வோல்ட் பேட்டரி, 1,000 ஓம் ரெசிஸ்டர், ஒரு எல்.இ.டி. மூன்றையும் தொடராக இணைத்து, எல்.இ.டி.யின் கால்களில் அளந்து பாருங்கள். ஒன்று 2.8 காட்டும், பக்கத்தில் இருந்தது 2.9 காட்டும். ரெசிஸ்டர் இல்லாமல் இவற்றை இணையாகக் கோத்தால், குறைந்த வோல்ட் உள்ளதே மின்னோட்டத்தில் பெரும்பங்கை இழுத்துக்கொண்டு முதலில் கருகும்.

இன்னொன்று, வெப்பம். எல்.இ.டி. சூடாக ஆக, ஒவ்வொரு டிகிரிக்கும் சில மில்லி வோல்ட் குறையும், மின்னோட்டம் ஏறும். தகரக் கூரை அறையில் சித்திரை வெயிலை நினைத்துக்கொள்ளுங்கள்.

ஆகவே 12 வோல்ட்டுக்கு அல்ல, 14.4 வோல்ட்டுக்குக் கணக்கிடுங்கள். 120க்குப் பதில் 220 ஓம் போட்டால் பகலில் 22 மில்லி ஆம்பியர், எல்.இ.டி.கள் பிழைக்கும், ஆனால் இரவில் பேட்டரி 12க்கு இறங்கியதும் 11 ஆகி, வெளிச்சம் பாதியாகும். நான் பரிந்துரைப்பது வேறு: தொடருக்கு இரண்டு எல்.இ.டி., 390 ஓம். பகலில் 20, இரவில் 14. ரெசிஸ்டரில் மின்சாரம் கொஞ்சம் கூடுதலாக வீணாகும் என்றாலும், சிறு விளக்குக்கு அந்த நிதானம்தான் முக்கியம். வெளிச்சம் போதாவிட்டால் இதேபோல் இன்னொரு ஜோடி சேருங்கள். ஒவ்வொரு ஜோடிக்கும் தனி ரெசிஸ்டர் இருக்கட்டும். அரை வாட் வகையாக வாங்குங்கள். ஏற்கெனவே மங்கியவை இனித் தேறாது. அவற்றைக் கழற்றிவிட்டுப் புதியவை போடுங்கள்.