ஏழைப் பிள்ளைகளின் உயர்நிலைப் படிப்புக்கு எப்படி உதவினால் பலன் கிடைக்கும்?

நகரத்துக் குடிசைப் பகுதிப் பிள்ளைகளுக்காகக் குழுவாகப் பணம் திரட்டியிருக்கிறீர்கள், பள்ளிக் கட்டணத்தைக் கட்டினால் போதுமா என்று கேட்கிறீர்கள். பெரும்பாலும் போதாது. சீருடை, பேருந்துச் செலவு, தேர்வுக் கட்டணம் எல்லாம் தனி. இவற்றை விடப் பெரியது, பதினான்கு வயதுப் பிள்ளை வேலைக்குப் போனால் வீட்டுக்கு வரக்கூடிய கூலி. அது எந்த ரசீதிலும் இருக்காது.

கொலம்பியாவின் தலைநகர் போகோட்டாவில் 2005இல் தொடங்கிய ஒரு சோதனை முயற்சியைப் பாருங்கள். ஒழுங்காகப் பள்ளிக்கு வரும் மாணவர்களின் குடும்பத்துக்கு மாதம் 30,000 பெசோ கணக்கில் உதவித்தொகை. சிலருக்கு மட்டும் 20,000 கொடுத்துவிட்டு, மீதி 10,000ஐ வங்கியில் சேர்த்துவைத்து, அடுத்த ஆண்டுச் சேர்க்கை நேரத்தில் மொத்தமாகத் தந்தார்கள். இரண்டு முறையிலும் வருகை கூடியது. ஆனால் மறு ஆண்டு பள்ளியில் சேர்ந்தவர்கள் அதிகரித்தது இரண்டாவது முறையில்தான். காரணம் புரிகிறது அல்லவா? மாதாமாதம் வரும் காசு வீட்டுச் செலவில் கரைந்துவிடும். சேர்க்கை நேரத்தில்தான் கை வறண்டிருக்கும். (ஏழைகளுக்குச் சேமிக்கத் தெரியாது என்று இதற்கு அர்த்தம் இல்லை. சேமிக்க விடாத அளவுக்கு அவசரங்கள்.)

அதனால் உங்கள் பணத்தில் ஒரு பகுதியைச் சேர்க்கை மாதத்துக்கென்று ஒதுக்கிவையுங்கள்.

அப்புறம் இன்னொன்று. அதே போகோட்டாவில், உதவி பெற்றவரின் உடன்பிறந்தவர்கள், குறிப்பாகச் சகோதரிகள், பள்ளிக்குப் போவது குறைந்ததாம். ஆகவே வீட்டில் ஒரு பிள்ளையை மட்டும் தேர்ந்தெடுக்கும் முன், தங்கை என்ன செய்கிறாள் என்று விசாரியுங்கள். முடிந்தால் இருவருக்கும் பிரித்துக் கொடுங்கள்.