மெண்டன்ஹால் பனியாறு: இடமும் பெயரும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

அலாஸ்காவின் மெண்டன்ஹால் பனியாறு குறித்த தங்கள் கட்டுரையை வாசித்தேன். அது கனடாவின் கடலோர மலைத்தொடரைச் சேர்ந்தது என்கிறார் நண்பர் ஒருவர். மெண்டன்ஹால் அதைக் கண்டுபிடித்தவரா? அப்பகுதிப் பழங்குடியினரான டிலிங்கிட் மக்கள் அதைச் 'சிறு ஏரிக்குப் பின்னுள்ள பனியாறு' என்றழைத்தது, இன்று அதன் முன்னால் கிடக்கும் ஏரியை வைத்துத்தானா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

நண்பர் சொல்வதில் பாதி சரி. கடலோர மலைத்தொடர் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தின் வழியாக வடக்கே நீண்டு, அலாஸ்காவின் தென்கிழக்கு விளிம்புக்குள்ளும் வருகிறது. அதன்மேல் சுமார் 3,900 சதுர கிலோமீட்டருக்குப் பரந்திருக்கும் ஜூனோ பனிப்பரப்பு இரு நாடுகளுக்கும் உரியது. அதிலிருந்து இறங்கும் பல பனியாறுகளுள் ஒன்றான மெண்டன்ஹால், ஏறத்தாழ 21 கிலோமீட்டர் நீண்டு, அலாஸ்காவில், ஜூனோ நகர மையத்திலிருந்து சுமார் 19 கிலோமீட்டர் தொலைவில் முடிகிறது.

தாமஸ் கார்வின் மெண்டன்ஹால் அதைக் கண்டுபிடித்தவர் அல்லர். இயற்பியலாளரான அவர், 1889 முதல் 1894 வரை அமெரிக்கக் கடலோர, புவி அளவைத் துறையின் தலைவராக இருந்தார். அலாஸ்கா எல்லையை அளக்கும் பணி அப்போது அத்துறையிடம் இருந்தது. அப்போது அலாஸ்காவை ஆண்ட ரஷ்யாவும் கனடாவை ஆண்ட பிரிட்டனும் 1825-இல் செய்த உடன்படிக்கை, எல்லை கடற்கரைக்கு இணையான மலை உச்சிகளின் வழியே செல்லும் என்று எழுதிவைத்ததே தவிர, எந்த உச்சிகள் என்பதில் தெளிவு இல்லை. அந்தச் சச்சரவு 1903-இல் நடுவர் மன்றத்தில்தான் முடிந்தது. இடையில், 1890-களின் தொடக்கத்தில், துறைத்தலைவரின் பெயர் பனியாற்றுக்கு இடப்பட்டது. அதற்கு முன் இயற்கையியலாளர் ஜான் மியூர் அங்கு வாழும் டிலிங்கிட் பிரிவினரான ஆக் குவான் மக்களின் பெயரால் அதனை ஆக் பனியாறு என்றே அழைத்திருந்தார். அதை மாற்றியிருக்கக் கூடாது என்பது என் உறுதியான எண்ணம். ஓர் அதிகாரியின் ஐந்தாண்டுப் பதவிக்காலம், தலைமுறைகளாக அந்தப் பள்ளத்தாக்கில் வாழ்ந்தவர்களின் உரிமையைப் பின்னுக்குத் தள்ளத் தகுந்த காரணம் ஆகாது.

உங்கள் கடைசிக் கேள்விதான் என்னை மிகவும் மகிழ்வித்தது. பனியாற்றின் முகப்பில் இன்றுள்ள மெண்டன்ஹால் ஏரி, பனி பின்வாங்கிய பள்ளத்தில் உருகுநீர் தேங்கி 1920-களின் இறுதியில்தான் உருவாகத் தொடங்கியது. ஆகவே ஆக்வ்தாக்சிட் என்னும் டிலிங்கிட் பெயர் சுட்டும் சிறு ஏரி அதுவாக இருக்க முடியாது. அது, தென்மேற்கே தனியாக இருக்கும் ஆக் ஏரி. அதன் கரையில் நின்று வடகிழக்கே நோக்கினால், நீர்ப்பரப்புக்கு அப்பால் பனியாறு தெரியும். 'ஊருக்குப் பின்னுள்ள பனியாறு' எனப் பொருள்படும் சிதாந்தாகு என்ற இன்னொரு பெயரும் அவர்களிடம் உண்டு. இரண்டுமே குடியிருப்பில் நிற்பவரின் பார்வையிலிருந்து இடத்தைச் சொல்பவை. உங்கள் நண்பரிடம் வரைபடத்தில் முதலில் ஆக் ஏரியைத் தேடச் சொல்லுங்கள்.