தலைமைப் பொறுப்பு முதன்முறை என்றால்?

கேள்வி: எங்கள் கல்லூரிக் கூடைப்பந்தாட்ட அணிக்கு, எங்குமே தலைமைப் பயிற்றுநராக இருந்திராத பழைய மாணவர் ஒருவரை நியமிக்கலாமா?
– வாசகி ஒருவர், கிளிநொச்சி

பதில்: தாராளமாக நியமிக்கலாம், ஆனால் அவர் வாங்கிய கிண்ணங்களைவிட, மாணவ அணியொன்றோடு உதவியாளராகவேனும் பழகியிருக்கிறாரா என்பதையே முதலில் விசாரியுங்கள். அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் பல ஆண்டுகள் உதவிப் பயிற்றுநராக இருந்து 2022இல் தலைமையேற்ற ஜோன் ஷையர், 2025இல் அணியைத் தேசியப் போட்டியின் அரையிறுதிக்குக் கொண்டுசென்றார். மாறாக, பெரும் வீரரான பற்றிக் யூயிங், தொழில்முறை அணிகளில் நெடுங்காலம் உதவிப் பயிற்றுநராக இருந்துவிட்டு ஜோர்ஜ்டவுன் பல்கலைக்கழகத்துக்கு வந்தவர். 2021-22 பருவத்தில் அவருடைய அணி லீக் ஆட்டங்கள் 19இலும் தோற்றது. ஆகவே, ஒரு பயிற்சி ஆட்டத்தை உங்கள் பழைய மாணவரிடமே ஒப்படைத்து, இரண்டு புள்ளி பின்தங்கிய நிலையில் கிடைக்கும் ஒரு நிமிட இடைவேளையில் பிள்ளைகளிடம் அவர் என்ன சொல்கிறார் என்று அருகில் நின்று கேளுங்கள். அக்கராயனுக்குப் போகும் பிள்ளை பஸ்ஸைத் தவறவிடாதபடி பயிற்சியை முடிக்கிறாரா என்பதையும் கட்டாயம் கவனியுங்கள்.