டில்லிங்கின் சிவப்புப் பட்டியல் – கடிதம்

அன்புள்ள சார்,

இரண்டு உலகப்போர்களுக்கு இடையிலான காலத்தைப் பற்றி நீங்கள் எழுதியதில் பெர்னார்ட் ஷா ரஷ்யா போய் ஏமாந்த கதை வருகிறது. அதே 1931இல் அங்கே போன எலிசபெத் டில்லிங் என்ற அமெரிக்கப் பெண்மணி ஏமாறவில்லை. திரும்பி வந்து கம்யூனிசத்துக்கு எதிராகத் தனியாளாக எழுதினார், ஊர் ஊராகப் பேசினார். பெரிய படிப்பாளிகள் கோட்டைவிட்டதைச் சிகாகோ பக்கத்து இல்லத்தரசி ஒருவர் கண்டுகொண்டார். ஆனாலும் வரலாற்றில் அவருக்கு வெறிபிடித்தவர் என்ற முத்திரைதான் கிடைத்தது. வலதுசாரி என்பதால்தானே இந்த ஓரவஞ்சனை? அவருடைய புத்தகத்தைப் படிக்கலாமா?

ஆர்.

அன்புள்ள ஆர்,

ஷா விஷயத்தில் உங்களோடு எனக்குச் சண்டையில்லை. பிரிட்டிஷ் எம்.பி. லேடி ஆஸ்டர் கோஷ்டியோடு போனார், எழுபத்தைந்தாவது பிறந்தநாளை மாஸ்கோவில் கொண்டாடினார், ஸ்டாலினைச் சந்தித்தார், காட்டியதைப் பார்த்துவிட்டு வந்து ஆகா ஓகோ என்றார். டில்லிங்கும் சுற்றுலாப் பயணிதான், ஒரு மாதம் இருந்தார். வறுமையையும், மதத்தை ஒழிக்க அரசே நடத்திய பிரசாரத்தையும் பார்த்தார். பக்தியுள்ள கிறித்தவரான அவருக்குத் தேவாலயங்களுக்கு நேர்ந்த கதிதான் தாங்கவில்லை. அதில் பொய் ஏதும் இல்லை.

ஆனால் அப்புறம் என்ன செய்தார்? ரஷ்யாவைப் பற்றி மேற்கொண்டு தெரிந்துகொள்ள அவர் பெரிதாக மெனக்கெடவில்லை. 1933 மார்ச்சில் கரேத் ஜோன்ஸ் என்ற வேல்ஸ்காரப் பத்திரிகையாளர் அப்போது சோவியத் ஆட்சியில் இருந்த உக்ரைனின் கிராமங்களில் நடந்தே போய், குடியானவர்களிடம் பேசி, பஞ்சத்தை உலகத்துக்குச் சொன்னார். அது ஒரு வகைக் கம்யூனிச எதிர்ப்பு. டில்லிங் தன் பக்கத்து வீடுகளில் ரஷ்யாவைத் தேட ஆரம்பித்தார். 1934இல் சொந்தமாக வெளியிட்ட 'தி ரெட் நெட்வொர்க்' (சிவப்பு வலைப்பின்னல், சிவப்பு என்றால் கம்யூனிஸ்ட்) என்ற புத்தகம் அதன் விளைவு. முன்பாதி கட்டுரைகள், பின்பாதி பட்டியல். 460க்கு மேல் அமைப்புகள், 1300க்கு மேல் ஆட்கள்.

அந்தப் பட்டியலைப் புரட்டிப் பார்த்தால் ரயில்வே கால அட்டவணை மாதிரி இருக்கும். ஒரு பெயர், அதன் கீழே அவர் சேர்ந்திருந்த சங்கங்கள், குழுக்கள், எல்லாம் சுருக்கக் குறிகளாக. ஒருவர் என்ன எழுதினார், எதை எதிர்த்தார் என்பதெல்லாம் இரண்டாம்பட்சம், யாரோடு சேர்ந்து எந்தக் குழுவில் பெயர் கொடுத்தார் என்பதுதான் கணக்கு. ஒரு குழுவில் ஒரு கம்யூனிஸ்ட் இருக்கிறார், அதே குழுவில் ஒரு பாதிரியாரும் இருக்கிறார் என்றால் பாதிரியாரும் சிவப்பு, அந்தப் பாதிரியார் நாளைக்கு வேறொரு சங்கத்துக்குத் தலைமை தாங்கினால் அந்தச் சங்கமும் சிவப்பு. இப்படிப் போனால் யார்தான் தப்ப முடியும்? 1931இல் அமைதிக்கான நோபல் பரிசு வாங்கிய ஜேன் ஆடம்ஸ் இருக்கிறார், அப்போதைய ஜனாதிபதியின் மனைவி எலினார் ரூஸ்வெல்ட் இருக்கிறார், நாஜிகளுக்குத் தப்பி வந்திருந்த ஐன்ஸ்டைன் இருக்கிறார். எல்லாவற்றுக்கும் மேலே, சீனத் தேசியவாதத் தலைவர் சியாங் கை-ஷேக் இருக்கிறார்! 1927 ஏப்ரலில் ஷாங்காயில் கம்யூனிஸ்டுகளை வேட்டையாடிக் கொன்றவர், புத்தகம் வெளிவந்த ஆண்டிலும் மாவோவின் படையைத் துரத்திக்கொண்டிருந்தவர். கம்யூனிஸ்டுகளைக் கொன்றவரையே கம்யூனிஸ்டாக்கும் ஒரு முறையை வைத்துக்கொண்டு எந்தக் கம்யூனிஸ்டைக் கண்டுபிடிப்பது?

உண்மையான சோவியத் உளவாளிகள் அந்தக் காலத்தில் அமெரிக்காவில் இருந்தார்கள் என்பது பின்னால் ஆவணங்களோடு வெளிவந்த விஷயம். இந்த மாதிரிப் பட்டியல்கள் அவர்களுக்கு ஒரு வகையில் உதவியே செய்தன என்பேன். நாட்டில் பாதிப்பேரைச் சிவப்பு என்றால், நிஜமாகவே சிவப்பாக இருப்பவனை யாரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள்.

இல்லத்தரசி என்கிறீர்கள். சிகாகோ பல்கலைக்கழகத்தில் படித்தவர், முறையாக ஹார்ப் வாசிக்கக் கற்றவர், கணவர் பொறியாளரும் வழக்கறிஞரும், பணத்துக்குக் குறைவில்லை. தனியாள் என்பதும் முழு உண்மை இல்லை. 1939இல் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் கம்யூனிஸ்டுகளைத் தேடுவதற்கு ஹென்றி ஃபோர்ட் 5000 டாலர் கொடுத்தார்.

எனக்கு அவர் ஆண்டுகளில் முக்கியமானது 1938. அந்த ஆண்டு உள்நாட்டுப் போர் நடந்துகொண்டிருந்த ஸ்பெயினில், வலதுசாரித் தளபதி பிராங்கோவின் பகுதிக்குப் போய், எரிக்கப்பட்ட தேவாலயங்களைப் படம்பிடித்தார். சரி, எரித்தது உண்மை. ஆனால் அதற்கு முந்தைய ஆண்டு ஜெர்மன் விமானங்கள் குண்டு போட்டுத் தரைமட்டமாக்கிய கெர்னிகா என்ற ஸ்பானிய ஊர் அவர் கணக்கில் வரவில்லை. ஜெர்மனிக்கும் போனார், நாஜிக் கட்சிக் கூட்டங்களில் உட்கார்ந்தார், ஹிட்லரின் கீழே மக்கள் சந்தோஷமாக இருக்கிறார்கள் என்று எழுதினார். நாஜிகளின் டாஹாவ் வதைமுகாம் திறந்து ஐந்து ஆண்டுகள் ஆகியிருந்தன, அதே ஆண்டு நவம்பரில் யூதர்களின் ஜெப ஆலயங்கள் நாடு முழுக்க எரிந்தன. மாஸ்கோவில் ஷா எப்படிப் பார்த்தாரோ அப்படித்தான் ஜெர்மனியில் டில்லிங் பார்த்தார். ஷாவின் குருட்டுத்தனத்துக்கு எதிராக நீங்கள் கொண்டுவந்து நிறுத்தும் சாட்சிக்கும் அதே வியாதி, நாடுதான் வேறு.

1940இல் அவருடைய 'தி ஆக்டபஸ்' என்ற புத்தகம் வந்தது. அதில் சதியின் தலைமையிடம் மாஸ்கோவிலிருந்து யூதர்களுக்கு முழுதாக மாறிவிட்டது. ஊரிலுள்ள எல்லோர் பெயரையும் அச்சில் ஏற்றியவர், இந்தப் புத்தகத்தில் தன் பெயரைப் போடவில்லை, ரெவரெண்ட் ஃபிராங்க் உட்ரஃப் ஜான்சன் என்று ஒரு போதகரின் பெயரைப் போட்டுக்கொண்டார்.

ஓரவஞ்சனை என்றீர்களே, அவருக்கு அநியாயம் நடந்தது என்று நான் ஒப்புக்கொள்ளும் ஓர் இடம் உண்டு. அதை நீங்கள் சொல்லவில்லை. 1944இல் அவரையும் சேர்த்து 30 பேர் மீது வாஷிங்டனில் அரசு ராஜதுரோக வழக்கு நடத்தியது. எல்லோரும் நாஜிகளோடு சேர்ந்து ஒரே சதியில் இருந்தார்கள் என்பது குற்றச்சாட்டு. ஒருவரோடொருவர் சரியாகப் பழக்கமே இல்லாத ஆட்களும் அதில் இருந்தார்கள். எழுத்தும் பேச்சும் ஒரே மாதிரி இருக்கின்றன, ஆகவே ஒரே கும்பல். அதாவது டில்லிங்கின் முறையை அரசு டில்லிங் மீதே பிரயோகித்தது! முந்தைய ஆண்டு விவாகரத்தாகியிருந்த கணவரே அவருக்காக வாதாடினார். நீதிமன்றத்தில் தினமும் கூச்சலும் குழப்பமும்தான், நவம்பர் கடைசியில் நீதிபதி ஐக்கர் இறந்துபோனார், வழக்கு பாதியில் நின்றது, 1946இல் தள்ளுபடியானது. அது மோசமான வழக்கு. தன்னைக் கூண்டில் ஏற்றியது தன்னுடைய தர்க்கம்தான் என்று டில்லிங்குக்கு உறைத்ததாக அவர் எழுத்தில் தடயம் இல்லை. 1966இல் சாகும்வரை யூத வெறுப்பைத்தான் எழுதிக்கொண்டிருந்தார்.

புத்தகத்தைத் தாராளமாகப் படியுங்கள். 1934 புத்தகத்தோடு மட்டும் நிறுத்திவிடாதீர்கள், 1940 வரை வரிசையாகப் படியுங்கள். கையோடு கரேத் ஜோன்ஸ் அந்த மார்ச் பயணத்தைப் பற்றி எழுதிய பத்திரிகைச் செய்திகளையும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அவை சின்னச் சின்னச் செய்திகள், ஒரு மாலையில் முடித்துவிடலாம்.